குன்னங்குளத்தில் தொடங்கிய வேலை: அல்சைமர் குடும்பங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு என்ன செய்கிறது?

லெக்கனெமாப், டொனனெமாப் என்ற இரண்டு மருந்துகளின் பெயர்கள் கொஞ்ச காலமாகச் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் மருந்துக்கு 2023-லும் அடுத்ததற்கு 2024-லும் ஒப்புதல் கொடுத்தது. "அல்சைமருக்கு மருந்து வந்துவிட்டது" என்ற தலைப்பைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. மருந்தே வந்துவிட்டதென்றால், நோயாளிகளைப் பகலில் பார்த்துக்கொள்வது, குடும்பத்தினரைக் கூட்டிப் பேசுவது, வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிக்கொடுப்பது என்று தொண்டு அமைப்புகள் செய்துவரும் வேலைக்கு இனி என்ன இடம்?

இதற்குப் பதில் சொல்ல நோயிலிருந்து தொடங்கி, நோயாளி இருக்கும் வீட்டுக்குள் போய், அப்புறம்தான் அமைப்புக்கு வர வேண்டும். உதாரணமாக இங்கே எடுத்துக்கொள்வது கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள குன்னங்குளம் என்ற சிறிய ஊரில் 1992-இல் தொடங்கிய அமைப்பு. முழுப் பெயர் அல்சைமர்ஸ் அண்ட் ரிலேட்டட் டிஸார்டர்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏஆர்டிஎஸ்ஐ. தொடங்கியவர் மருத்துவர் கே. ஜேக்கப் ராய். இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் இதற்குக் கிளைகள் உண்டு.

மறதி, மறதிநோய், அல்சைமர்

மூன்று சொற்களையும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். குழப்பம் பாதி இங்கேயே தொடங்குகிறது.

1. மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது, தெரிந்தவர் பெயர் சட்டென்று நாக்கில் வராமல் போவது. வயதோடு இது கூடும். கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிடும், அன்றாட வேலை எதுவும் கெடாது.

2. மறதிநோய், அதாவது டிமென்ஷியா. இது ஒரு நோயின் பெயர் கிடையாது. நினைவு, சிந்தனை, பேச்சு, திசை அறிதல், முடிவெடுத்தல் போன்ற திறன்கள் குறைந்து, ஒருவர் தனியாக அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாமல் போகும் நிலைக்கு வைத்த பொதுப் பெயர். சாவியை மறப்பது மறதி. சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது மறதிநோய்.

3. அல்சைமர். மறதிநோய்க்குக் காரணமான நோய்களில் மிகப் பரவலானது. ரத்தக்குழாய் அடைப்பால் வருவது, நரம்பணுக்களுக்குள் லூயி பாடி என்ற புரதக் கட்டிகள் சேர்வதால் வருவது, நெற்றிப்பொட்டு மூளைப் பகுதிகள் சுருங்குவதால் வருவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரே ஆளிடம் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம்.

அல்சைமர் நோயை முதலில் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்ணை அவர் கவனித்துவந்தார். அந்தப் பெண் 1906-இல் இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். படிவுகளில் இருப்பது அமைலாய்டு என்ற புரதம், இழைகளில் இருப்பது டவ் என்ற புரதம் என்பதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்த விஷயம்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மறதிநோய் போலத் தோன்றும் எல்லாமே மறதிநோய் ஆகிவிடாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, தலையில் அடிபட்டு மெதுவாக உறையும் ரத்தம் போன்றவையும் அதே தோற்றத்தைக் கொடுக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். "வயசானா அப்படித்தான்" என்று டாக்டரிடம் போகாமல் விடும்போது, குணமாகக் கூடியவரும் குணமாகாமல் போகிறார். நேற்றுவரை நன்றாக இருந்த பெரியவர் இரண்டே நாளில் குழம்பிப்போனால் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று போன்ற உடல் கோளாறால் வரும் திடீர்க் குழப்பம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டிய நிலை அது.

மருந்து எவ்வளவு தூரம் போகும்?

நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ள டோனபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின், மெமண்டின் ஆகியவை அறிகுறிகளைச் சிலருக்குச் சில காலம் மட்டுப்படுத்தும். நோய் நகர்வதை நிறுத்தாது.

புதிய மருந்துகள் மூளையில் படிந்த அமைலாய்டை நீக்குகின்றன. அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் லெக்கனெமாப் சோதனையில் 18 மாதங்களில் தெரிந்தது, சரிவின் வேகம் சுமார் 27 சதவீதம் குறைந்தது என்பதே. இழந்தது திரும்பவில்லை. நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கே இதைக் கொடுக்க முடியும். லெக்கனெமாபைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் டொனனெமாபை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில், ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னதே கிடையாது. தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்தால்தான் பலன் தரும் மருந்து, கண்டுபிடிக்கவே படாதவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? எனவே இன்றைக்கும் நாளைக்கும், 88 லட்சம் வீடுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சிகிச்சை என்பது வீட்டில் ஒருவர் காலையிலிருந்து இரவு வரை செய்யும் வேலைதான்.

மாலை நாலரை மணி

அந்த வேலை என்ன என்று கிட்டத்தில் பார்ப்போம். பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சம் மாறி நடக்கும் காட்சி இது.

வெயில் இறங்கும் நேரம். 78 வயது மாமியார் இரண்டு புடவை, ஒரு சீப்பு, விபூதிச் சம்படம் மூன்றையும் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வாசல் கதவருகே நிற்கிறார். "எங்க வீட்டுக்குப் போகணும். அப்பா தேடுவாரு." அவர் நிற்பது அவரே 40 வருடமாகக் குடியிருக்கும் வீடு. அப்பா செத்துப்போய் அரை நூற்றாண்டு ஆகிறது.

மருமகள் சொல்கிறாள்: "இதுதான் அத்தை உங்க வீடு. தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு?"

அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அப்பா செத்துப்போன செய்தி இப்போதுதான் முதல்முறை காதில் விழுகிறது. அழுகை, கோபம், கதவை உலுக்கல். ராத்திரி எட்டு மணி வரை ஓயாது. மறுநாள் நாலரைக்கு மறுபடி மூட்டை.

மூளையில் என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இதில் பிடிவாதமோ நடிப்போ இல்லை. அல்சைமர் முதலில் தாக்குவது புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை. அதனால் சமீபத்தியவை முதலில் அழிகின்றன, பழையவை மிஞ்சுகின்றன. மனதுக்குள் அவர் பத்து வயதுச் சிறுமி, பிறந்த வீடுதான் வீடு. மாலையில் உடல் களைத்திருக்கும், வெளிச்சம் மங்கும், நிழல்கள் நீளும், குழப்பம் கூடும். மறதிநோயாளிகள் பலரிடம் பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு அதிகமாவது எல்லா நாடுகளிலும் கவனிக்கப்பட்ட ஒன்று.

பயிற்சி பெற்ற ஒருவர் இதே இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வார். மறுத்துப் பேசமாட்டார். "அப்பா ரொம்பப் பாசமா அத்தை? என்ன வாங்கிட்டு வருவாரு?" என்று பேச்சை அந்த வீட்டை நோக்கியே நடத்துவார். பேசிக்கொண்டே காபி வரும். நாலரை மணி ஆவதற்கு முன்பே கூடத்தில் விளக்கு எரியும், வாசல் கதவு கண்ணில் படாதபடி திரை விழுந்திருக்கும், கையில் ஒரு முழம் பூவும் நாரும் இருக்கும். கதவைப் பூட்டி அதட்டுவதைவிட இது பலன் தரும்.

பூ தொடுப்பதைச் சும்மா சொல்லவில்லை. பெற்ற மகளின் பெயர் மறந்துபோன அம்மா மல்லிகையை வரிசை பிசகாமல் தொடுப்பார். கை பழகிய வேலைகளின் நினைவு மூளையின் வேறு பகுதிகளில் இருக்கிறது, அவை பின்னால்தான் பாதிக்கப்படுகின்றன. கீரை ஆய்வது, துணி மடிப்பது, சுலோகம் சொல்வது, பழைய பாட்டு பாடுவது எல்லாம் இந்த வகை. நல்ல பகல்நேர மையங்களில் நடப்பவை பார்க்க விளையாட்டுப் போல இருக்கும். மிஞ்சியிருக்கும் திறனைத் தேடிப் பிடித்து, அதன் மூலம் அந்த மனிதருக்கு ஒரு நாளைக் கொடுப்பதுதான் அங்கே நடப்பது.

சின்னன், அறளை

நம் ஊர்க்காரர்கள் இந்த நிலையைக் கவனிக்காமல் இருந்ததில்லை. கேரளத்தில் செய்த ஆய்வில், மக்கள் இதற்கு "சின்னன்" என்று பெயர் வைத்திருப்பது தெரிந்தது. சிறுபிள்ளைத்தனம் என்று பொருள். கோவாவில் கொங்கணியில் நரம்பு தளர்ந்தது என்கிற மாதிரியான ஒரு பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். தமிழ்நாட்டில் "புத்தி தடுமாறிப்போச்சு".

பெயர் இருந்தது, நோய் என்ற எண்ணம்தான் இல்லை. மருத்துவர் கே.எஸ். ஷாஜியும் குழுவினரும் கேரளத்தில் 17 பராமரிப்பாளர்களிடம் பேசி 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பல வீடுகளில் மருமகள்கள். அறிகுறிகள் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன, ஆனால் அது ஒரு நோய் என்று தெரியவில்லை. அதிகம் வாட்டியவை இரண்டு: நடத்தை மாற்றங்களும், சிறுநீர் மலக் கட்டுப்பாடு போவதும். பெரும்பாலோரின் மனநலம் குலைந்திருந்தது. குடும்பத்துக்குள் சண்டை சாதாரணமாக இருந்தது.

நோய் என்று தெரியாதபோது பழி எங்கே விழுகிறது என்று பாருங்கள். "நகையைத் திருடிட்டா", "மூணு நாளா சோறே போடல" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்கிறார். பொருளை வைத்த இடம் மறந்துபோன மூளை அதற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. சாப்பிட்டதே பதிவாகாத மூளை பசி என்கிறது. ஊர் மருமகளைத் திட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரும் நாத்தனார் அதை நம்புகிறாள். ஒரு அமைப்பு வந்து இந்த வீட்டுக்குக் கொடுக்கும் முதல் உதவி, எல்லோரையும் உட்கார வைத்து "இது மூளை நோய்" என்று ஒரு டாக்டரோ சமூகப் பணியாளரோ சொல்வதுதான். அந்த ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வெளியிலிருந்து அளக்க முடியாது.

அமைப்பு செய்யும் வேலைகள்

ஏஆர்டிஎஸ்ஐ போன்ற அமைப்புகளின் வேலையை அது எந்தத் தேவைக்குப் பதில் சொல்கிறது என்பதை வைத்துப் பார்க்கலாம்.

1. கண்டுபிடித்தல். நினைவாற்றல் பரிசோதனை முகாம், நினைவாற்றல் கிளினிக். இதில் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. உலகம் முழுக்கப் பயன்படும் 30 மதிப்பெண் நினைவுச் சோதனை, தேதி கேட்கும், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூடமே போகாத பாட்டி நோய் இல்லாமலேயே இதில் தோற்றுப்போவார். அதனால்தான் எழுத்தறிவு இல்லாதவர்களுக்கென்று இந்தியாவில் மாற்றியமைத்த சோதனைகள் வந்தன. வளரும் நாடுகளில் மறதிநோயை ஆராய 10/66 என்ற ஆய்வுக் குழு 1998-இல் உருவானதும் இந்தப் போதாமையிலிருந்துதான். உலக மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது.

2. சொல்லிக்கொடுத்தல். குளிக்க மறுப்பவரை எப்படிக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் டயப்பர் எவ்வளவு மிச்சம், விழுங்கச் சிரமப்படுகிறவருக்குச் சாதத்தை எந்தப் பதத்தில் குழைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது.

3. நேரம் கொடுத்தல். காலை கூட்டிப்போய் மாலை விடும் பகல்நேர மையம், சில நாட்கள் தங்கவைக்கும் இடம். அந்த நேரத்தில் மகள் தூங்கலாம், வங்கிக்குப் போகலாம், வேலையை விடாமல் இருக்கலாம். மற்ற எல்லா உதவிகளையும்விட இதைத்தான் குடும்பங்கள் அதிகம் கேட்கின்றன, கிடைப்பதோ இதுதான் மிகக் குறைவு.

4. கூடிப் பேசுதல். பராமரிப்பாளர் கூட்டங்களில் "சில நேரம் அடிச்சிடலாம் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அறையில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. எல்லோரும் அந்த இடத்துக்குப் போய் வந்தவர்கள்.

5. ஆட்களைத் தயார்செய்தல். கேரளத்தில் ஹோம் நர்ஸ் என்று அழைக்கப்படுகிற வீட்டுப் பணியாளர்கள் பலருக்கு மறதிநோய் பற்றிப் பயிற்சி கிடையாது. முதியோர் பராமரிப்புப் பயிற்சி நடத்துவது இந்த அமைப்பின் நீண்டநாள் வேலைகளில் ஒன்று.

6. அரசிடம் பேசுதல். ஏஆர்டிஎஸ்ஐ 2010-இல் வெளியிட்ட இந்திய மறதிநோய் அறிக்கை, நாட்டில் 37 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும் 2030-க்குள் அது இரட்டிப்பாகும் என்றும் மதிப்பிட்டது. மேலே சொன்ன 88 லட்சத்தோடு ஒப்பிட்டால், அந்த எச்சரிக்கை மிகையானதல்ல என்று தெரிகிறது. கேரள அரசின் சமூக நீதித் துறையோடு சேர்ந்து "ஸ்மிருதிபதம்" என்ற மறதிநோய்க்கான மாநிலத் திட்டம் தொடங்கியதும் இந்த வழியில்தான்.

கேரளத்தில் இது வேர் பிடித்ததற்கு ஒரு பின்னணி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், தீராத நோயாளியின் வீட்டுக்கு அக்கம்பக்கத்தினரே தொண்டர்களாகப் போகும் பழக்கத்தை மாநிலம் முழுக்கப் பரப்பியது. குணமாகாது என்று தெரிந்தும் வீடு தேடிப் போவது அங்கே பொதுவழக்கம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்குப் போகிறது. அதே கால்கள் மறதிநோய்க்கும் நடக்க முடியும் என்பது என் கருத்து. சென்னையில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதிநோய்க்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது. வழி தெரிந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

இதனால் பலன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்?

நல்ல மனது வேறு, பலன் வேறு. இதைச் சோதித்துப் பார்த்த இடம் கோவா. மருத்துவர் அமித் டயஸும் குழுவினரும் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. மறதிநோயாளி உள்ள 81 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் வீட்டு ஆலோசகர்கள் போய்வந்தார்கள். இவர்கள் மருத்துவர்களோ செவிலியர்களோ இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது போய், நோயைப் பற்றி விளக்கி, தொல்லை தரும் நடத்தையைக் கையாளச் சொல்லிக்கொடுத்து, அரசு உதவிகளுக்கு வழி காட்டினார்கள். மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவரும் ஆலோசகரும் இருந்தார்கள்.

முடிவு: பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது, நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் அவதி குறைந்தது. நோயாளியின் செயல்திறனில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

இரண்டாவது பாதியைச் சிலர் தோல்வி என்று படிப்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இந்த நோயில் வீட்டில் இருக்கும் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவரின் நோயை இன்றைக்கு நிறுத்த முடியாது. மற்றவரின் நிலையை, விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பயிற்சி பெற்ற பக்கத்து ஊர்ப் பெண் ஒருவரால் மாற்ற முடிகிறது. அந்த இரண்டாவது ஆள் உடைந்துபோனால் முதல் ஆளுக்கு யாருமே இல்லை.

அப்படியானால் ஏன் எல்லா ஊரிலும் இல்லை?

பணம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் பணம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைக்கும், பெயர்ப்பலகை வைக்கலாம். மாதாமாதம் பணியாளர் சம்பளம் கொடுக்க ஆள் கிடைப்பது கடினம். மறதிநோய் மையத்தின் செலவு முழுக்க முழுக்க மனிதர்களின் செலவு. ஒருவரைச் சாப்பிட வைக்கவே ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். பயிற்சி கொடுத்த ஆளை அடுத்த வருடமே ஒரு தனியார் வீடோ வெளிநாடோ கூட்டிக்கொண்டு போய்விடும்.

வண்டி இன்னொரு சிக்கல். மையம் இருக்கும், வரக்கூடியவர்களும் இருப்பார்கள், ஆனால் காலையில் போய்க் கூட்டிவர வேனும், வேனில் கூட உட்கார ஓர் ஆளும் வேண்டும். வேன் நின்றால் மையம் காலியாகிவிடும்.

அப்புறம், காட்டுவதற்குக் குணமான கதை கிடையாது. கண் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்தவரிடம் பார்வை பெற்றவரின் படத்தைக் காட்டலாம். இங்கே எல்லோரும் மெதுவாக மோசமாகி இறக்கிறார்கள். நோயாளி தனக்காகப் பேச முடியாது. பார்த்துக்கொள்கிறவருக்கோ பேச நேரம் இல்லை. இவர்களுக்காகக் கேட்க யாரும் கூட்டம் சேர்ப்பதில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை முதியோர் பகல்நேர மையங்களுக்குச் செலவிட 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் இடம் தருகிறது. கேட்கும் குரல்தான் மெலிந்திருக்கிறது.

தாமதித்தால் கைவிட்டுப் போகும் ஒரு விஷயம்

குடும்பங்கள் அமைப்புகளிடம் வரும்போது பெரும்பாலும் ஒன்று கைநழுவிப் போயிருக்கும்: கையெழுத்து.

"அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், பிரச்சினை இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201-இன்படி, பவர் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்த முகவர் அதிகாரம் முடிந்துபோகும். எப்போது அதிகம் தேவைப்படுமோ அப்போதே அது செல்லாது. அந்த நிலையில் வைப்புத்தொகையை எடுக்கவோ வீட்டை விற்கவோ நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் கேட்க வேண்டிவரும்.

எனவே நோய் தொடக்கத்தில் இருக்கும்போதே, அந்த மனிதர் தன் விருப்பத்தைச் சொல்ல முடிகிறபோதே செய்ய வேண்டியவை: வங்கிக் கணக்கை இருவரில் ஒருவர் இயக்கும் கூட்டுக் கணக்காக்குவது, நியமனதாரர் பெயர் சேர்ப்பது, உயில் எழுதுவது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தித் மனநலச் சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரைப் பெயர் சொல்லி எழுதிவைப்பது. அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறையில் நினைவும் திசையறிவும் கடுமையாகக் குலைவதும் அடங்கும். வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு இதுதான் நேரம், படுக்கையில் விழுந்த பிறகு அல்ல.

ஒரு மையத்துக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

1. டாக்டர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாயிற்றா என்று அவர்களாகவே கேட்டார்களா? கேட்டால் நல்ல அறிகுறி.

2. எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? இரவில் எத்தனை பேர்?

3. தவிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? "ஊசி போட்டுடுவோம்", "கட்டிவைப்போம்" என்று முதல் பதிலாக வந்தால் அங்கே விட வேண்டாம்.

4. சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்கலாமா? சுற்றிக்காட்டும் நேரத்தைவிட மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே இருப்பது அதிகம் சொல்லும்.

5. உங்களிடம் என்ன கேட்டு எழுதிக்கொண்டார்கள்? ரத்த வகை, மாத்திரைப் பட்டியல் எல்லோரும் கேட்பார்கள். நல்ல மையம் ஒரு வாழ்க்கைக் குறிப்புத் தாளும் நிரப்பச் சொல்லும்: பிறந்த ஊர், பார்த்த வேலை, பிடித்த பாட்டு, காபியா டீயா, டம்ளரா கப்பா, எந்தப் பக்கம் படுப்பார், எதற்குப் பயப்படுவார், வீட்டில் கூப்பிடும் பெயர். அந்தத் தாளை வீட்டிலேயே இன்றைக்கே எழுதத் தொடங்கலாம். பாதிக்கப்பட்டவரையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுத முடிகிற மாதங்கள் அதிகம் இல்லை.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு இரண்டு எண்கள்: முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. இரண்டாவது எண்ணை நோயாளிக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். நாலரை மணி மூட்டையோடு தினமும் மல்லுக்கட்டுகிற மருமகளும் தனக்காகவே கூப்பிடலாம்.